கவிதையிலிருந்து தனிப் பியானோவுக்கு: நாலு வழிகளில் எதைப் பிடிப்பது?

ஒரு கவிதை மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, அதைப் பாட்டாக இல்லாமல் பியானோவுக்கு மட்டும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கட்டைகளின் மேல் கை வைத்த முதல் நாளே ஒரு கேள்வி எழும்: இந்தக் கவிதையிலிருந்து நான் எதை எடுக்கப் போகிறேன்? சொல்லையா, கதையையா, காட்சியையா, இல்லை அது கட்டப்பட்டிருக்கும் விதத்தையா? பாட்டாக இருந்தால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும், சொல்லைப் பாடுகிறவர் சுமந்துகொள்வார், நாம் அதற்கு மெட்டும் துணையும் கொடுத்தால் போதும். தனிப் பியானோவில் சொல்லைச் சுமக்க ஆள் இல்லை. இருப்பது பத்து விரலும், ஒலியை நீட்டிப் பிடிக்கும் பெடலும், அடித்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கும் ஒலியும்தான்.

இந்த நாலு வழிகளையும் ஒரே கவிதையை வைத்து முயன்று பார்த்தேன், சில மாதங்கள் போனது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவிதையின் கட்டமைப்பிலிருந்து தொடங்குங்கள், அதன் மேல் ஒரே ஒரு பிடிவாதமான ஒலியை வையுங்கள். சொல் வழியும் கதை வழியும் வீண் இல்லை, ஆனால் அவற்றை எப்போது தேர்ந்தெடுப்பது என்பது வேறு கணக்கு.

முதலில் சொல்லை மெட்டாக்கும் வழி. கவிதை வரியைப் பாடுவது போலவே மெட்டமைத்து, குரல் இல்லாமல் பியானோவிலேயே வாசிப்பது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1854-ல் எழுதிய பத்தாம் ஓபஸ் (படைப்பு எண்) பாலேடுகளில், அதாவது கதைப்பாட்டுச் சாயலுள்ள பியானோ பீஸ்களில், முதலாவதற்கு அடிப்படை 'எட்வர்ட்' என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு, ஹெர்டர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில். அந்த ஜெர்மன் வரியை பிராம்ஸின் தொடக்க மெட்டின் மேல் வைத்துப் பாடிப் பார்த்தால் அப்படியே பொருந்தும். 1892-ல் வந்த 117-ஆம் ஓபஸின் முதல் இண்டர்மெட்ஸோ என்ற சின்ன பியானோ பீஸில் இன்னும் வெளிப்படையாக, ஒரு ஸ்காட்லாந்துத் தாலாட்டின் இரண்டு வரிகளை நோட்டின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தாலாட்டு மெட்டு உச்சியில் இல்லை என்பதுதான், மேலே ஈ ஃபிளாட் திரும்பத் திரும்ப ஒலிக்க, மெட்டு அதற்கு உள்ளே போர்வைக்குள் குழந்தை மாதிரி கிடக்கிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் வேறு மாதிரி செய்தார்: இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் மூன்று சொனெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகள்) 1840-களில் உண்மையான பாட்டுகளாகவே எழுதி, பிறகு குரலை எடுத்துவிட்டுப் பியானோவுக்கு மாற்றினார், அவை 1858-ல் வெளிவந்த அவருடைய பயண ஆண்டுகள் தொகுப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கின்றன. முதலில் பாட்டு, அப்புறம் பியானோ. நேரம் இருக்கிறவர்களுக்கு இது நல்ல ஒழுங்கு, ஏனென்றால் மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்பதைத் தொண்டை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடும்.

தமிழ்க் கவிதையோடு இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் மரபுக் கவிதை அசைக்கணக்கில் நிற்பது. குறில் நெடில் வேறுபாடு காதுக்குத் தெரியும் காலவேறுபாடுதான், அதை அப்படியே நோட்டாக மாற்றலாம். நான் எடுத்துக்கொண்டது குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்குவது. நேரசைக்கு (ஒரே உயிரொலி உள்ளது) ஒரு எண்ணிக்கை, நிரையசைக்கு (இரண்டு உயிரொலி உள்ளது) அதே எண்ணிக்கைக்குள் இரண்டு நோட்டு என்று வைத்தேன். முதல் வரி யா, யும், ஞா, யும், யா, ரா என்று ஆறு நேரசைகள் ஒன்றன் பின் ஒன்றாக, கனமாக நடக்கிறது, அப்புறம் 'கிய' என்று ஒரே ஒரு நிரை துள்ளி, 'ரோ'வில் நிற்கிறது. இரண்டாம் வரியில் எந் தையும், நுந் தையும், எம் முறைக் என்று நேரும் நிரையும் மாறி மாறி வந்து சட்டென்று நடை பிடிக்கிறது. இதை நான் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை, கவிதைக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு புலவர், அவர் எழுதிய உவமையாலேயே செம்புலப் பெயல்நீரார் என்று அழைக்கப்படுகிறவர், எனக்குத் தாளத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றியது. அன்று ராத்திரி வெகுநேரம் அந்த ஒரு வரியையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மறுநாள் பதிவு செய்து கேட்டபோது குறை தெரிந்தது. சொல் தெரிந்த எனக்கு அது கவிதை, தெரியாதவருக்கு அது எட்டு எட்டு எண்ணிக்கையில் நடக்கும் ஒரு சதுரமான மெட்டு. மனிதக் குரல் 'யா' என்ற நெடிலை எடுத்து நடுவில் பெருக்க முடியும், பியானோவில் அது முடியாது, அடித்த பிறகு அந்த ஒலி குறையத்தான் செய்யும், அதனால் நெடில் வருகிற இடமெல்லாம் கீழே கார்டு (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) சேர்த்தோ, இடது கையில் அசைவு வைத்தோ ஒலியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மெய்யெழுத்துகளும் போய்விடும். 'நெஞ்சம்' என்ற சொல்லில் அந்த ஞ்ச சேரும் இடத்தில் நாக்கு படும் அழுத்தத்தை எந்தக் கட்டையும் தராது. சொல்லிலிருந்து மெட்டு எடுக்கிறவர் மெட்டை மட்டுமே கொண்டு வருகிறார், சொல்லின் உடம்பை விட்டுவிட்டு வருகிறார். ஆகவே, கவிதை சின்னதாக, உங்களுக்கு மனப்பாடமாக, யாப்பு பலமாக இருந்தால் இந்த வழியில் போகலாம். புதுக்கவிதைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே தாளம் வரி உடைபடும் இடங்களில்தான் இருக்கிறது, அசையில் இல்லை.

இரண்டாவது, கதை சொல்லும் வழி. இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். போலந்து இசையமைப்பாளர் சோப்பின் நான்கு பாலேடுகள் எழுதினார். போலந்துக் கவிஞர் மிக்கியேவிச்சின் கவிதைகள் தனக்குத் தூண்டுதலாக இருந்ததாக சோப்பின் சொன்னார் என்று இசையமைப்பாளர் ஷூமன் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் சோப்பின் எந்தக் கவிதையையும் நோட்டில் குறிப்பிடவில்லை, எந்தப் பாலேடு எந்தக் கவிதை என்று பொருத்திப் பார்க்கும் வேலை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நான்கிலும் நமக்குக் கேட்பது கதை இல்லை, கதைசொல்லியின் குரல். முதல் பாலேடின் முன்னுரை முடிந்ததும் ஆறு எண்ணிக்கையில் ஒரு அசைவு வருகிறது, மற்ற மூன்றும் ஆறெட்டுத் தாளத்தில் நடக்கின்றன, 'ஒரு காலத்தில்...' என்று ஒருவர் திண்ணையில் சாய்ந்து தொடங்குவது மாதிரி. யார் யாரைக் கொன்றார், யார் திரும்பி வந்தார் என்பதைப் பியானோ சொல்லவே சொல்லாது. ஜெர்மன் கவிஞர் கெதே 1782-ல் எழுதிய, அப்பா குழந்தையோடு இரவில் குதிரையில் விரையும் எர்ல்கிங் கவிதையை ஷூபெர்ட் 1815-ல் பாட்டாக்கினார், அதை லிஸ்ட் தனிப் பியானோவுக்கு மாற்றினார், அப்பா ஒரு ஸ்தாயி, குழந்தை ஒரு ஸ்தாயி என்று பிரித்துக் கேட்க முடிகிறது, உண்மைதான். ஆனால் கேட்கிறவருக்குப் பாட்டு முன்பே தெரியும் என்ற துணிச்சலில் நிற்கிற வேலை அது. உங்கள் கவிதை கேட்பவருக்குத் தெரியாது என்றால் கதை வழியைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், ஏழு நிமிஷம் நீண்ட ஒன்றை எழுதினேன், கேட்ட நண்பர் 'நல்லா இருக்கு, நடுவுல யாரோ கோபப்பட்டாங்க' என்றார். என் கவிதையில் கோபப்படுகிறவர் யாரும் கிடையாது.

மூன்றாவது, காட்சி. எல்லாரும் முதலில் ஓடிப்போவது இங்கேதான், அதிகம் வழுக்குவதும் இங்கேதான். கவிதையில் மழை இருக்கிறதா, வலது கை மேல் ஸ்தாயியில் ஓடும். நிலா இருக்கிறதா, மெதுவாகப் பெடல் போட்டு கார்டுகளை விரிப்போம். செம்மண்ணில் பெய்யும் மழை என்றதும் நானும் அதையேதான் செய்தேன், அழகாக இருந்தது, ஆனால் தலைப்பை மாற்றி 'அருவி' என்றோ 'இலையுதிர்வு' என்றோ போட்டாலும் அது அப்படியே பொருந்தியது. காட்சி வழியில் எழுதியதைச் சோதிக்க நான் கண்ட ஒரே வழி இதுதான்: தலைப்பை மாற்றிப் பாருங்கள், எதுவும் முரண்டு பிடிக்கவில்லை என்றால் நீங்கள் அந்தக் கவிதையை எழுதவில்லை, பொதுவாக ஏதோ ஒரு தண்ணீரை எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சோதனையில் கொஞ்சமும் அசையாமல் நிற்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'கஸ்பார் த லா நுயீ'. 1908-ல் எழுதி, 1909 ஜனவரியில் ரிக்கார்டோ வின்யெஸ் பாரிஸில் முதன்முறை வாசித்தது. அலோய்சியுஸ் பெர்த்ராங் எழுதிய மூன்று உரைநடைக் கவிதைகள், மூன்று பியானோ பீஸ்கள். நடுவில் இருப்பது 'தூக்குமேடை'. ராவெல் அதில் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு மணியோசை: பி ஃபிளாட், ஆக்டேவில் (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து), முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை. சுற்றிலும் கார்டுகள் மாறிக்கொண்டே போகின்றன, சில நேரம் அந்த மணி கார்டுக்கு உள்ளே இசைந்து நிற்கும், சில நேரம் அந்நியமாக உறுத்தும், ஆனால் அது மட்டும் மாறாது. வேகத்தைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், கடைசி வரை இப்படியே, என்று நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். மெதுவாக, ஐம்பத்திரண்டே தாளக்கட்டத்தில் முடிகிறது. ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பெர்த்ராங்கின் கவிதையில் ஒருவர் ஏதோ சத்தம் கேட்டு, இது என்ன, தூக்கில் தொங்குகிறவனின் பெருமூச்சா, சில்வண்டா, ஈயா, வண்டா, சிலந்தியா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார், கடைசியில்தான் பதில் வருகிறது: தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் ஊரின் மணி, அந்தி வெயிலில் சிவந்த பிணம். ராவெல் அந்தப் பதிலைத் தொடக்கத்திலேயே ஒலிக்க விட்டுவிடுகிறார். கவிதையின் வரிசையை அவர் பின்பற்றவில்லை. கேள்வி கேட்கும்போதெல்லாம் பதில் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்ற பயங்கரத்தைப் பியானோவால் காட்ட முடியும், அச்சில் ஒரு வரிக்குப் பின் ஒரு வரி என்று போகும் கவிதையால் முடியாது. கவிதையிலிருந்து பியானோவுக்கு எழுதுவதில் இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை: ஒரே நேரத்தில் இரண்டைச் சொல்லலாம். காட்சி வழியில் போகிறீர்கள் என்றால், கவிதையிலிருந்து ஒரே ஒரு பொருளை, முடிந்தால் ஒலி உள்ள பொருளை, எடுத்து அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவான சூழலை எழுதப் போகாதீர்கள்.

இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான தெபுஸி இதே ஊரில் வேறு தெருவில் நடந்தவர். 1910-ல் வெளியான அவருடைய பன்னிரண்டு பிரெலூடுகளின் (சின்ன பியானோ பீஸ்கள்) முதல் புத்தகத்தில் நாலாவதின் தலைப்பு பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் ஒரு கவிதை வரி, மாலைக் காற்றில் ஒலிகளும் மணங்களும் சுழல்வதாகச் சொல்லும் வரி. அந்தக் கவிதையை அவர் இருபது வருஷம் முன்பே முழுப் பாட்டாக எழுதியிருந்தார். பியானோவுக்கு வரும்போது ஒரு வரி போதும் என்று நிறுத்திக்கொண்டார். பிரெலூடுகளின் தலைப்புகளை அவர் பக்கத்தின் மேலே வைக்காமல் ஒவ்வொன்றின் முடிவிலும் சின்னதாக வைத்தார், வாசித்து முடித்த பிறகுதான் பெயர் கண்ணில் படும். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது.

இப்போது நாலாவது வழிக்கு வருகிறேன். கட்டமைப்பு. போதலேரின் அந்தக் கவிதையே இதற்கு நல்ல உதாரணம். அது பாந்தூம் என்ற வடிவத்தை ஒட்டியது: ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் வரிகளாகத் திரும்பும். நாலு பத்தி, பதினாறு வரி, திரும்பத் திரும்ப வந்த வரிகளே வேறு சூழலில் வேறு அர்த்தம் காட்டும். இதைச் சொல்லே இல்லாமல் பியானோவில் செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள்: இரண்டாவது சொற்றொடரும் நாலாவது சொற்றொடரும் அடுத்த பகுதியில் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் வரட்டும், அதே நோட்டு, கீழே வேறு கார்டு. ராவெலே 1914-ல் எழுதிய பியானோ ட்ரியோவின் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான இசை) இரண்டாம் பகுதிக்குப் பாந்தூம் என்றுதான் பெயர் வைத்தார். கேட்பவருக்குக் கவிதை தெரியவே வேண்டாம், ஏதோ சுற்றிக்கொண்டே வருகிறது, ஆனால் இடம் மாறுகிறது என்பது காதுக்கே புரியும். மற்ற மூன்று வழிகளிலும் கவிதை தெரிந்தவருக்குக் கிடைப்பது தெரியாதவருக்குக் கிடைப்பதில்லை, இதில் கிடைக்கிறது. நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

என் குறுந்தொகைப் பாட்டுக்குத் திரும்புகிறேன். ஐந்து வரி. முதல் மூன்றும் கேள்விகள், மூன்றிலும் ஒரு ஜோடி: என் தாய் உன் தாய், என் தந்தை உன் தந்தை, நான் நீ. இவர்களுக்குள் என்ன தொடர்பு, எப்படி அறிந்தோம் என்று. நாலாம் வரியில் உவமை, ஐந்தாம் வரியில் கலப்பு. இவ்வளவு பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அசை பிரித்துப் பார்க்கும் வரை எனக்கு உறைக்காமல் இருந்தது ஒன்று உண்டு. இது நேரிசை ஆசிரியப்பா, அதன் விதிப்படி கடைசிக்கு முந்தைய வரி மூன்றே சீர், மற்றதெல்லாம் நாலு சீர். அந்தக் குறைந்த வரி எது? 'செம்புலப் பெயனீர் போல'. கவிதையின் உயிரான உவமை விழுகிற இடத்தில் வரி ஒரு சீர் குறைகிறது. மற்ற வரிகளுக்கெல்லாம் எட்டு எண்ணிக்கை, இதற்கு ஆறு. (குறளிலும் இப்படி ஒரு குறைவு உண்டு, நாலு சீர் வந்து, மூன்று சீர் வந்து, அந்த மூன்றாவதும் சுருங்கி நிற்கும், எட்டாவது சீர் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக ஒலிக்கும். அதைத் தனியாக ஒரு நாள் எழுதிப் பார்க்க வேண்டும்.)

இது தெரிந்த பிறகு எழுதுவது சுலபமாகிவிட்டது. மூன்று கேள்விகளுக்கும் இரண்டு கைகளைத் தூரத்தில் வைத்தேன், இடது கை அடிமட்டத்தில், வலது கை உச்சத்தில், நடுவில் கட்டைகள் காலி. ஒவ்வொரு கேள்வியிலும் அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும், தாய்களைவிடத் தந்தைகள் நெருக்கம், அவர்களைவிட 'யானும் நீயும்' நெருக்கம். மூன்றும் முடியாத கார்டில் தொங்கும், கேள்விதானே. நாலாம் வரியில் ஆறு எண்ணிக்கைதான் வாசிப்பேன், மிச்சம் இரண்டு எண்ணிக்கைக்குப் பெடலை எடுக்காமல் கையை மட்டும் எடுத்துவிடுவேன், வாசித்த ஒலிகள் அந்த இரண்டு எண்ணிக்கையில் தாமாகவே ஒன்றோடொன்று கலந்துகொள்ளும். மழை ஓசை எதுவும் எழுதவில்லை. கலக்க விட்டேன், அவ்வளவுதான். முன்பு சொன்ன தலைப்புச் சோதனையை இதில் செய்து பார்த்தேன், 'அருவி' ஒட்டவே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கட்டமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் இசை கணக்குப் போட்ட மாதிரி வறண்டுவிடும், முதல் வரைவு எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால்தான் ஒரு பிடிவாதமான ஒலியைச் சேர்க்கச் சொல்கிறேன், ராவெலின் மணி போல. நான் ஏ என்ற ஒரே சுரத்தை எல்லா வரியிலும் எங்காவது ஒளித்து வைத்தேன், முதலில் இடது கையில், பிறகு வலது கையில், கடைசி வரியில் இரண்டு கட்டைவிரலும் அதே கட்டைக்கு வருகின்றன. அப்புறம், கவிதையில் வடிவமே தளர்வாக இருந்தால் இந்த வழி கைகொடுக்காது. உணர்ச்சி ஒரே மட்டத்தில் ஓடும் நீளமான கவிதைக்கு, ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு தெபுஸி மாதிரி சின்னதாக எழுதுவதே நல்லது.

கவிதையை நோட்டில் எங்கே வைப்பது என்பதும் முடிவெடுக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அதற்கு ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ராவெல் முழுக் கவிதையையும் முன்னால் அச்சிட்டார், பிராம்ஸ் இரண்டு வரி, தெபுஸி முடிவில் ஒரு தலைப்பு, சோப்பின் ஒன்றுமே இல்லை. சொல் வழியிலோ கதை வழியிலோ போனால் கவிதை கேட்பவர் கையில் இருந்தே ஆக வேண்டும். கட்டமைப்பு வழியில் போனால் கடைசியில் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். உரிமை இன்னும் நடப்பில் உள்ள கவிஞரின் வரிகளை அச்சிடவோ மேடையில் படிக்கவோ போகிறீர்கள் என்றால் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள், எழுதி முடித்த பிறகு கேட்டு மறுப்பு வந்தால் மனசு உடைந்துபோகும்.

நான் என்னுடையதில் கவிதையை முடிவில் போட்டிருக்கிறேன். அந்த நண்பரையே மறுபடி உட்கார வைத்து, எதுவும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். நாலாம் வரியில் கையை எடுத்தபோது அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். முடிந்ததும், 'அந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்க, ரெண்டு பேரு ஏதோ பேசிட்டே வந்து திடீர்னு பேச்சு வேண்டாம்னு ஆன மாதிரி இருந்துச்சு' என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் கொடுத்தேன்.